ஆர்டிஸின் நீலப் புத்தகமும் கொரினின் பச்சைப் புத்தகமும்

அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் என் புத்தகக் கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஒரே ஒரு சமையல் புத்தகம் வேணும். எல்லாம் அதுல இருக்கணும். எதை நம்பி வாங்கலாம்?"

பத்தொன்பது வருடம் அதற்குப் பதில் சொன்னவள், கடையில் வேலை பார்க்கும் ஆர்டிஸ் ஹால்வர்சன். தடித்த நீல அட்டைப் புத்தகத்தை எடுத்து நீட்டுவாள். "இது போதும். வேற எதுக்கும் காசு செலவழிக்காதீங்க." வாங்கியவர்கள் பிறகு வந்து நன்றி சொல்வார்கள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவாது.

போன இலையுதிர் காலத்தில் கொரின் டஃபி வேலைக்குச் சேர்ந்தாள். இருபது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவள். அவள் சிபாரிசு செய்தது வேறொரு பச்சை அட்டைப் புத்தகம். கிறிஸ்துமஸுக்குள் ஆட்கள் கதவைத் திறந்ததுமே, "கொரின் இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆர்டிஸ் அலமாரியைத் துடைப்பாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைப்பாள். "என்னமோ வந்து நாலு மாசத்துல பெரிய ஆளாயிட்டா" என்று என்னிடம் முணுமுணுப்பாள்.

ஜனவரியில் ஒரு நாள், யாருக்கும் தெரியாமல் பச்சைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். பின்னால் அவளே சொன்னாள். புதுப் புத்தகம் எது வந்தாலும் அதிலிருந்து மூன்று பதார்த்தம் சமைத்துப் பார்ப்பது அவள் வழக்கம்: பான்கேக், ஓவனில் சுட்ட முழுக்கோழி, ஆப்பிள் பை. எழுதியபடியே, ஒரு சிட்டிகை கூடக் கூட்டாமல் குறைக்காமல் செய்வாள். இந்த முறை ஒன்றாவது சொதப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டே செய்திருக்கிறாள். எதுவும் சொதப்பவில்லை. அவள் கணவர் லோவெல் கோழியின் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு, "என்னடி செஞ்ச இன்னிக்கு? இப்படி ஒரு நாளும் வந்ததில்லையே!" என்றாராம்.

"பேசாம தின்னுங்க" என்று எழுந்து போய்விட்டாளாம்.

பிப்ரவரியில் ராய்ஸ் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மனைவி, நோயாளி அக்காவைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் ஃபார்கோவுக்குப் போயிருந்தாள். முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாத மனிதர். அன்று கொரினுக்கு விடுமுறை.

"பச்சையா ஏதோ ஒண்ணு நல்லா இருக்கும்னு சொன்னாங்களே?"

"அதுவா? நானே செஞ்சு பார்த்தேன். கோழி ரப்பர் மாதிரி வந்துச்சு" என்றாள் ஆர்டிஸ். நீலத்தை விற்றாள். நானும் நம்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ராய்ஸ் திரும்பி வந்தார். கொரின், ஆர்டிஸ் இரண்டு பேருமே இருந்தார்கள். புத்தகத்தை மேஜையில் விரித்து வைத்தார்.

"'வேகும் வரை வைக்கவும்'னு போட்டிருக்கு. வெந்துச்சான்னு எப்படிங்க தெரியும்? வெட்டினா உள்ள ரத்தம்."

"அது பார்த்தாலே தெரியுமே" என்றாள் ஆர்டிஸ்.

"பார்த்தாலே தெரிஞ்சா எனக்குப் புத்தகம் எதுக்கு?"

கொரின் பச்சைப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினாள். தொடையைக் குத்தினால் சாறு தெளிவாக வர வேண்டும், காலை அசைத்தால் இலகுவாக ஆட வேண்டும் என்று அதில் இருந்தது.

"இதுல கோழி ரப்பராகும்னு இவங்க சொன்னாங்களே" என்று ராய்ஸ் ஆர்டிஸைக் காட்டினார்.

கொரின் திரும்பிப் பார்த்தாள். ஆர்டிஸின் கழுத்து சிவந்துவிட்டது. தப்பிக்க அவளுக்கு நூறு வழி இருந்தது.

"பொய் சொன்னேன்" என்றாள். "நல்லா வந்துச்சு. ரொம்பவே நல்லா வந்துச்சு. அதான் வயிறு எரிஞ்சுது."

கொரின் சிரிக்கவில்லை. "எனக்கு மட்டும் எரியாதுன்னு நினைக்கிறீங்களா? இங்க சேர்ந்த அன்னிலேருந்து, 'ஆர்டிஸ் என்ன சொல்றாங்க'ன்னுதான் பாதிப் பேர் என்கிட்ட கேக்கறாங்க. ஆனா நான் உங்க புத்தகத்தைப் பத்திப் பொய் சொல்லல."

ராய்ஸுக்கு நான் புத்தகத்தை மாற்றிக் கொடுத்தேன். ஆர்டிஸ் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். கொரினிடம் கேட்க மேலும் நான்கு நாள் ஆயிற்று.

இப்போது யாராவது கேட்டால், "நீங்க முன்னாடி சமைச்சிருக்கீங்களா?" என்று ஆர்டிஸ் முதலில் விசாரிக்கிறாள். இல்லை என்றால் பச்சையை எடுத்துக் கொடுக்கிறாள். கொடுக்கும்போது அவள் முகம் கொஞ்சம் புளிக்கத்தான் செய்கிறது.