அக்கா வாங்கி வந்த ஸ்டெதஸ்கோப்

ஆம்புலன்ஸில் போய் அவசர சிகிச்சை செய்கிற பயிற்சியில் நான் சேர்ந்தபோது, வகுப்பில் பாதிப் பேர் முதல் வாரமே குட்டி டாக்டர் ஆகிவிட்டார்கள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், சட்டைப் பையில் டார்ச், தோளில் சிவப்புப் பை. எனக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன? ஆனால் சொல்லிக்கொடுத்தவர் கறாரான ஆள். "கடையில தொங்குறதை எல்லாம் வாங்கிக் காசைக் கரியாக்காதீக. வண்டியில எல்லாம் இருக்கு. உங்களுக்கு வழுக்காத ஷூவும் நொடி முள் வச்ச வாட்ச்சும் போதும். ஷூ இல்லாதவுக திங்கக்கிழமை வண்டியில ஏற முடியாது" என்றார்.

வாட்ச் இருந்தது. ஷூவுக்கு அக்காவிடம் சொன்னேன். பட்டாசுக் கம்பெனி விபத்தில் அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அக்காதான். அதே வேலைக்குத்தான் அவளும் போனாள். தீபாவளி போனஸில் தனக்கு ஒரு சேலைகூட எடுக்காமல் என் படிப்புக்கென்று வைத்திருந்தாள்.

ஒரு சாயங்காலம் கடைக்குப் போய் வந்தவள், முகமெல்லாம் பல்லாக ஒரு டப்பாவை நீட்டினாள். திறந்தால் ஸ்டெதஸ்கோப். அதுவும் இருப்பதிலேயே விலை கூடினது.

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "ஷூன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா!"

"எப்படியும் வாசல்ல கழட்டத்தானே போறே? அதுக்குப் போய் அம்புட்டு காசைக் கொட்டுவாகளா?" என்றாள்.

உரசித் தீப்பிடிக்கும் என்று பட்டாசு அறைக்குள் செருப்போடு யாரையும் விடமாட்டார்கள். வருஷக்கணக்காக வெறுங்காலோடு உட்கார்ந்து வேலை பார்த்தவள் வேறு எப்படி நினைப்பாள்?

"வெடிச்ச இடத்துல கண்ணாடியும் ஆணியுமா கெடக்கும். நான் எப்படி ஓடுவேன்?" என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. பாவமாக இருந்தது.

மறுநாள் இருவரும் கடைக்குப் போனோம். திருப்பி எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் சம்மதித்தார். டப்பாவை மூடப் போனபோது அக்கா, "ஒரு நிமிசம் அண்ணாச்சி" என்றாள்.

நான் அதை அவள் காதில் மாட்டி, மறுமுனையை என் நெஞ்சில் வைத்தேன். அவள் கண் விரிந்தது.

"ஏட்டி, அடிக்குதுடி!" என்றவள் சட்டென்று அழுதுவிட்டாள். "அம்மாவ லாரியில போட்டுக் கொண்டு போனாகளே, அன்னிக்கு இதை வச்சுக் கேக்க ஒரு ஆளு இல்லையேடி. அதான் வாங்குனேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் அவசரப்படுத்தவில்லை.

அன்றே ஷூ வாங்கினோம். திங்கட்கிழமை காலையில் அக்காவை வேலைக்கு ஏற்றிப்போகிற கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா அதைக் கண்டுகொள்ளாமல் என் காலடியில் உட்கார்ந்து, கயிற்றை இழுத்து இரட்டை முடிச்சாகப் போட்டாள்.

"எந்த வாசல்லயும் கழட்டிராதே புள்ள. அம்மா மாதிரி யாரும் கெடந்தா, அப்படியே உள்ள ஓடு."