கூடையோட கொட்டின காளான்

நான் எட்டாவதோட நின்னவ. எதுக்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினேனான்னு பாதி வழியில திரும்பி வந்து பார்ப்பேன்.

போன மழைக்காலத்துல அடி அண்ணாமலை பக்கம் ஒரு தோப்புல, காட்டுல கிடைக்கிறதைத் தின்னு உயிர் பிழைக்கிறது எப்படின்னு டவுன்காரங்களுக்கு ஒருத்தர் பயிற்சி கொடுத்தார். சமைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார். வெளிச் சாப்பாடு கொண்டு வரவே கூடாதுன்னு கண்டிப்பு.

சாயங்காலம் எல்லாரும் பசியோட ஒரு கூடை காளான் பறிச்சுட்டு வந்தாங்க.

"நல்ல காளான்தானே சார்?"

"பார்த்தா அப்படித்தான் இருக்கு. வதக்கும்மா."

"பார்த்தா போதாது சார். எனக்கும் தெரியல. வதக்க மாட்டேன்."

"இவ்ளோ பயந்தா காட்டுல எப்படிம்மா பிழைக்கிறது?"

எல்லாரும் சிரிச்சாங்க. அவரே வாணலியை அடுப்புல வச்சார். நான் கூடையைத் தூக்கிச் சேத்துல கவுத்து மிதிச்சேன். சிரிப்பு நின்னுடுச்சு.

பையில ஒளிச்சு வச்சிருந்த ரவையை எடுத்து உப்புமா கிண்டினேன். அவரும் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுட்டு, "அடுத்த பயிற்சிக்கு வர வேணாம்மா"ன்னார்.

அது விஷமா இல்லையான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. நல்ல காளானாவே இருந்திருக்கலாம். இருந்தாலும் மறுபடி கொட்டுவேன். மறுநாள் காலையில அத்தனை பேரும் தங்களோட கால்லயே நடந்து போய்த்தான் பஸ் ஏறினாங்க.