மடிச் சோதனை

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே போன வாரம் ஒரு கூட்டம். பசிதான் ஜனங்களைப் புரட்சிக்கு எழுப்பும் என்று மேடையில் ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. பட்டினி கிடந்து பார்த்தவர் மாதிரி தெரியவில்லை.

சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் நான் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவினேன். கூலி கம்மி, அதையும் இழுத்தடித்துத்தான் கொடுப்பார்கள். ஒருத்தியும் வாய் திறந்ததில்லை. பட்டினியில் இருப்பவளுக்கு நாளைக்கு வேலை இருக்குமா என்பதுதான் பெரிய பயம். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். எங்களிடம் முதலில் பறந்தது கோபம். மானம் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு, ஜவ்வரிசி களவு போகிறது என்று சொல்லி, மேஸ்திரி சோதனை ஆரம்பித்தார். வீட்டுக்குப் போகிற பெண்கள் வாசலில் சேலை மடியை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து பிழைக்க வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து சீவும் அக்கா ஒருத்தி, முதல் நாளே வாசலில் நின்றுவிட்டாள்.

"கூலி கம்மியா குடுத்தீங்க, வாங்கிக்கினோம். மடிய மட்டும் தொடாதீங்க."

குரல்கூட உயரவில்லை. அவள் உட்கார்ந்தாள், பின்னால் நின்ற நாங்களும் உட்கார்ந்தோம். இருட்டியதும் மடியை உதறிக் காட்டாமலே வீட்டுக்குப் போனோம். மறுநாள் ஆலை ஓடவில்லை. அதற்கடுத்த நாளும் ஓடவில்லை. சீவாத கிழங்கு குவியலாகக் கிடந்து நாறியது. அந்த நாட்களில் சிரித்ததுபோல் நாங்கள் என்றைக்கும் சிரித்ததில்லை.

அப்புறம் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. எங்களை எழுப்பாத பசி, எங்களைத் திரும்ப உள்ளே அனுப்பியது. சோதனையை விட்டுவிட்டார்கள். அக்காவை மட்டும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை.

மலைக்குப் போகும் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட இதே பேருந்து நிலையத்துக்குத்தான் வந்தேன். பிள்ளை அவள் தோளில் தூங்கியது. அப்போதுதான் சொன்னாள்.

"அன்னைக்கி என் மடியில ரெண்டு கை ஜவ்வரிசி இருந்துச்சிடி. புள்ளைக்கு ஜுரம், கஞ்சி வெக்கலாம்னு எடுத்தேன்."

"கஞ்சி வெச்சியாக்கா?" என்று கேட்டேன்.

"எங்க வெக்கிறது? நீங்கல்லாம் எனக்காக உக்காந்துட்டீங்க. எவனாவது பாத்தா உங்க எல்லாருக்கும் இல்ல திருட்டுப் பேரு? உக்காந்த எடத்துலயே மண்ணத் தோண்டி மூடிட்டேன்."

பசியா, மானமா என்று மேடையில் நன்றாகப் பேசலாம். எனக்கு அழுகைதான் வருகிறது. மடியை உதறாமல் ஜெயித்துவிட்டதாக நாங்கள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போன அந்த முதல் நாள் ராத்திரி, அந்தப் பிள்ளை ஜுரத்தோடு வெறும் வெந்நீரைக் குடித்துவிட்டுத் தூங்கியிருக்கிறது.