துளையில் திணித்த கோட்

பேசாலையிலிருந்து வந்த கிறகரி மொன்றியல் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸில் வாடகைக்கு எடுத்த வீடு கொஞ்சம் விசித்திரமானது. வீட்டுக்காரர் அர்மிந்து, போர்த்துக்கலில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவரின் மகன். இங்கே வீடு வாங்கியதும் அதைத் தகப்பன் வீட்டைப் போலவே மாற்றிவிட்டார். கீழே முழுக்க வைனுக்கு, மேலே மனிதருக்கு: நடுமாடியில் கிறகரி குடும்பம், மேல்மாடியில் அர்மிந்தும் மனைவியும். பீப்பாய் நுழைய அகலக் கதவு, உள்ளே நாலு படி இறக்கம். குடியிருப்பவர்களுக்குப் படிக்கட்டு வெளியே. பின்பக்கம் நிலம் சரிவு; அந்தப் பின்சுவரில், உள்தரையோடு ஒட்டி, ஒரு தலை நுழையும் அளவில் துளை.

"இதை மட்டும் அடைத்துவிடாதே," குடிவந்த அன்றே அவர் பிரெஞ்சில் சொன்னார். "திராட்சை பொங்கும்போது ஒரு வாயு வரும். பாரமானது, தரையில் தேங்கும். ஆளைக் கொல்லும். இந்த வழியாகத்தான் அது வெளியே போகவேண்டும். என் அப்பா மெழுகுதிரி பிடித்துக்கொண்டு இறங்குவார், அணைந்தால் திரும்பிவிடுவார். நான் துளையை நம்பி இறங்குகிறேன்."

கிறகரி நன்றாகத் தலையாட்டினான். நல்ல மனிதன்தான்; பிள்ளை என்று வந்தால் மட்டும் புத்தி மழுங்கிவிடும். அந்த ஒக்டோபரில் நான்கு வயது ஜெனாட் விடாமல் இருமினாள். துளையால் கீழே புகுந்த குளிர், மேலே அவள் படுத்த தரையை ஐஸாக்கியிருந்தது.

"பிள்ளைக்கு ஏதும் நடந்தா அந்தத் துளையைக் கட்டிப்பிடிச்சு அழுவியளோ?" என்றாள் மனைவி றெஜினா.

"ரெண்டு நாளைக்குத்தானே. பேந்து எடுத்துவிடுறன்," என்று தன் பழைய நீலக் கோட்டைச் சுருட்டித் துளையில் திணித்தான்.

மறுநாள் சென்ட் லோரன்டில் வேலை முடித்து வந்தபோது, கீழே அகலக் கதவு திறந்திருந்தது; உள்ளே திராட்சை பொங்கும் தொட்டியடியில் கிழவர் அர்மிந்து குப்புறக் கிடந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி வெளியே இழுத்துப்போட்டான். ஐயோ, உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

ஆம்புலன்ஸ் வருமுன் பின்பக்கம் ஓடி, கோட்டை உருவிக் குப்பைத்தொட்டியில் எறிந்தான். துளை திறந்துதானே இருக்கிறது, வயதுபோன மனிதர், இவருடைய கெட்டகாலம் என்றார்கள் தீயணைப்புக்காரர்கள். கிறகரி வாயைத் திறக்கவில்லை, பாவி.

அதன்பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"மேல போய் அவற்ற மனிசியிட்ட சொல்லிப்போட்டு வாங்கோ. பொலிசுக்குப் போனாலும் போகட்டும்," என்று றெஜினாதான் அழுதாள்.

எட்டாம் நாள் வெளிப்படியேறி மேல்மாடிக் கதவைத் தட்டினான். திறந்தவர் கிழவரின் மனைவி ஓடெட். அவன் பேசத் தொடங்குமுன் உள்ளே போய்த் திரும்பி வந்தார். கையில் அவனுடைய நீலக் கோட். கழுவி, அறுந்த பொத்தானும் தைத்து, மடித்திருந்தது.

"குப்பை போடப் போனபோது கண்டேன், துளையின் அளவுக்குச் சுருண்டு கிடந்தது," என்றார். "குளிர்கிறது என்று சொல்லியிருந்தால் கம்பளம் தந்திருப்பாரே. இங்கே மூன்று சும்மா கிடக்கின்றன."

கோட்டை அவன் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.