நாற்று ஊன்ற இடம் விட்ட பாட்டு

எங்கள் பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எஸ்தர் டீச்சர் நேரம் தவறாதவர், பிள்ளைகளை அடிக்காதவர், எந்த மழையிலும் பூந்தமல்லியிலிருந்து வந்து சேர்ந்துவிடுபவர் என்று சொன்னேன். எல்லாம் உண்மை. அவரைக் கழனியில் இறங்கச் சொன்னது நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கால்மணி நேரத்தில் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தோம்.

அதற்கு நான்கு நாள் முன்பு செய்தி வந்தது. ஓரத்தில் கறுப்பு மை தடவிய சாவுக் கார்டு. செங்கல்பட்டுப் பக்கத்தில் அவர் கடைசியாக வேலை பார்த்த பள்ளியின் விடுதியிலிருந்து யாரோ எழுதியிருந்தார்கள். விஷக்காய்ச்சல், பதினோரு நாள். எழுத்து அழகாக இருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன். அழுகை வரவில்லை. கொஞ்ச காலமாகவே எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் அசதிதான் வருகிறது. கார்டைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு அரிசி களையப் போனேன்.

அவரை அறிந்த உங்களுக்காக, கூட்டத்தில் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

நெமிலிச்சேரிப் பள்ளிக்கு அவர் வந்த வருஷம் யுத்தத்தின் நடுவில். ஆவடி வரை, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ், அதற்கு மேல் நடை. பஸ் நின்றுவிட்டால் பட்டாள லாரிகள் கிளப்பும் புழுதியில் அந்த வழியையும் நடந்தே வருவார். பள்ளியில் தலைமை ஆசிரியை, இவர், சம்பளமில்லாமல் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நான், மூன்று பேர்தான். பள்ளிக் கமிட்டியில் பெரியப்பா சொல்வதுதான் நடக்கும். அப்பா இல்லாத எனக்கு அவர் வீடுதான் வீடு.

முதல் நாளே எஸ்தர் டீச்சரின் தோளில் அந்தப் பெட்டி தொங்கியது. மெலோடியன். ஆர்மோனியத்தை மார்பில் கட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுருக்கினால் எப்படியோ அப்படி. கட்டைகளுக்குப் பதில் பொத்தான்கள். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு மிஷன் அம்மாள் விட்டுச்சென்றது. ஆர்மோனியம் குட்டி போட்டிருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள். டிரில் வகுப்புக்கு அதில் நடை வாசிப்பார், பிரார்த்தனைக்குப் பாட்டு வாசிப்பார். அந்தப் பெட்டியில் ஒரு தொல்லை உண்டு. ஒரே பொத்தான், துருத்தியை இழுத்தால் ஒரு சுரம் தரும், அழுத்தினால் வேறு சுரம் தரும். "மாமியார் மாதிரி. நாம போகும்போது ஒண்ணு பேசும், வரும்போது ஒண்ணு பேசும்" என்பார். அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்குப் பின்னால் நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் பாடுவது வகுப்பறைக்குள் கேட்டது. எஸ்தர் டீச்சர் சாக்பீஸைப் பிடித்தபடி ஜன்னலருகே போய் நின்றுவிட்டார். மாலையில்தான் சொன்னார். அவருடைய அம்மா பூந்தமல்லியைச் சுற்றிய கழனிகளில் நட்டுப் பிழைத்தவர். இவரை ஆறு வயதில் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். "எங்கம்மாவுக்கு ஊர்ப்பட்ட பாட்டு தெரியும். எனக்கு ஒண்ணுகூட வராது. கேட்டா, உனக்கு எதுக்குடி அதெல்லாம், நீ டீச்சர்னு சொல்லிடுச்சு." அந்த அம்மாவுக்கு இப்போது காது கேட்காது, பாடுவதுமில்லை. ஆண்டு விழாவில் ஒரு நடவுப் பாட்டை மெலோடியனில் வாசிக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

எனக்கு நாலு வருஷம் வாய்ப்பாட்டு சொல்லிவைத்திருந்தார்கள். நான் சுரப்படுத்தி எழுதித் தருவது, அவர் வாசிப்பது என்று ஏற்பாடு. நடவில் முன்பாட்டு பாடும் குப்பம்மாவைச் சாப்பாட்டு வேளையில் பள்ளிக் கிணற்றடிக்கு வரவழைத்தோம். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றபடி பாடினாள். சந்தைக்குப் போன அண்ணன் வளையல் வாங்காமல் வந்துவிட்டான் என்பதற்கு மேல் பாட்டில் விஷயம் இல்லை. ஆனால் மெட்டு மேலே தொடங்கிப் படிப்படியாக இறங்கும். இறங்குகிற வழியில் 'க' என்கிற காந்தார சுரம் ஒன்று, நான் படித்த இரண்டு காந்தாரங்களிலும் சேராமல் நடுவில் நின்றது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு குப்பம்மா நின்று நின்று போனாள். நான் விடாமல் எழுதினேன்.

மூன்று நாள் பழகிய பிறகு எஸ்தர் டீச்சர் அவளுக்கே வாசித்துக் காட்டினார். எனக்கு அது மிக நன்றாக இருந்ததாகப் பட்டது. குப்பம்மா தலையைச் சாய்த்துக் கடைசி வரை கேட்டாள்.

"நல்லாத்தான் கீது டீச்சரம்மா. ஆனா இதுல நாத்து ஊன எடமே இல்லியே. கையி சும்மா கீதே" என்றாள்.

அவள் நிறுத்திய இடங்களை, கூச்சத்தில் அடுத்த வார்த்தை மறந்துபோகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அவற்றையெல்லாம் இழுத்து மூடி, ஆதி தாளத்துக்குள் அடக்கி எழுதியிருந்தேன். காந்தாரத்தையும் திருத்தியிருந்தேன். நான் செய்ததைச் சொன்னதும் எஸ்தர் டீச்சர் சிரித்தார். "நோட்டு திருத்தற கை, பாட்டையும் திருத்திடுச்சு" என்றார். கோபமில்லை.

அப்போதுதான் சொன்னேன். வியாழக்கிழமை பெரியப்பா கழனியில் நடவு. அவர் அன்று திருவள்ளூர் போகிறார். வரிசையில் இறங்கி நட்டுப் பார்த்தால் எந்த இடத்தில் எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரிந்துவிடும். ஏதோ கணக்குக்கு விடை சொல்வதுபோல் சுலபமாகச் சொன்னேன். நீயும் வருவாயா என்று எஸ்தர் டீச்சர் கேட்டார். வருகிறேன் என்றேன்.

வந்தேன், வரப்பு வரைக்கும். நீ எறங்கலியா பாப்பா என்று குப்பம்மா கேட்டதற்கு, கையிலிருந்த காகிதத்தையும் பென்சிலையும் காட்டினேன். எஸ்தர் டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிப் பெண்களோடு வரிசையில் நின்றார். நடுகிறவர்கள் பின்புறமாகத்தான் நகர்வார்கள். இரண்டாவது அடியிலேயே அவர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். நாற்று நடச் சொன்னால் குடையை ஊன்றுவதுபோல் ஊன்றுகிறாரே என்று ஒருத்தி கேலி செய்தாள். இன்னொருத்தி, வேதக்காரங்க நட்டால் நெல் வருமா, கோதுமை வருமா என்று கேட்டாள். "ரேஷன்ல எது போடறானோ அது வரும்" என்றார் டீச்சர். வரிசை முழுவதும் சிரித்துச் சிரித்து, அந்த அடிக்குப் பாட்டே நின்றுபோயிற்று.

பிறகு மறுபடியும் தொடங்கினார்கள். இந்த முறை எனக்கே தெரிந்தது. அடி முடிகிறது, கை சேற்றுக்குள் போகிறது, குனிந்த வயிறு நெருக்கி மூச்சு வெளியே தள்ளப்படுகிறது, கால் ஒன்று பின்னால் போகிறது, அடுத்த அடி எழும்புகிறது. அந்த இடைவெளி தாளத்தைப் போலக் கச்சிதமாகத் திரும்பத் திரும்ப வந்தது. நான் பார்த்த இடத்திலெல்லாம் சிறு வட்டம் போட்டேன். எஸ்தர் டீச்சர் சேற்றுக் கையோடு வரப்புக்கு வந்து காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

அதை மெலோடியனில் எப்படிக் கொண்டுவருவது என்று கண்டுபிடித்தது முழுக்க அவர்தான். அந்தப் பெட்டியில் கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் சுரம் வராது, காற்று மட்டும் வெளியேறும். வாசித்து முடித்துத் துருத்தியை மூடுவதற்காக வைத்தது. அவர் ஒவ்வொரு அடியையும் துருத்தியை இழுத்தே வாசித்தார். வட்டம் வந்த இடத்தில் கட்டைவிரலை அமுக்கித் துருத்தியை மூடினார். பெட்டி 'ஹ்ம்' என்று ஒரு மூச்சு விட்டது. அடுத்த அடியை மறுபடி இழுத்துத் தொடங்கினார். போகும்போது ஒன்றும் வரும்போது ஒன்றும் பேசும் தொல்லையே அங்கே இல்லாமல் போயிற்று. நடுவில் நின்ற காந்தாரம் பெட்டியில் கிடையாது. அதைத் திருத்தாமல், இரண்டு பக்கத்துப் பொத்தான்களையும் லேசாகத் தொட்டுவிட்டு இறங்கினார். "பெட்டி மூச்சு விடற சத்தம் வெளியில கேட்கக்கூடாதுன்னுதான் எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க. கேட்டாத்தான் என்ன?" என்றார்.

வெள்ளிக்கிழமையே பெரியப்பாவுக்குச் சேதி போய்விட்டது. சாப்பிட உட்கார்ந்தவர் இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். கூலிப் பெண்களோடு வரிசையில் நின்றவள் எதிரில் நம் வீட்டுப் பெண்கள் கைகட்டிப் பாடம் கேட்க வேண்டுமா என்றார். அவளைக் கழனியில் இறக்கிவிட்டது யார் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் கூட இருந்தேன்னு சொல்றானுங்களே?"

"அந்த வழியா வந்தேன். பார்த்தேன்" என்றேன்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை எஸ்தர் டீச்சரைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் வெளியில் குடத்தருகே நின்றிருந்தேன், எல்லாம் கேட்டது. யார் சொல்லிப் போனீர்கள் என்ற கேள்விக்கு, என் அம்மா செய்த வேலை, எனக்கு யார் சொல்ல வேண்டும் என்று பதில் சொன்னார். விழாவில் இங்கிலீஷ் ராஜாவை வாழ்த்தும் ராஜா பாட்டும் ஒரு பக்திப் பாட்டும் மட்டும் வாசித்தால் வேலை இருக்கும், நடவுப் பாட்டை வாசித்தால் இருக்காது என்று கமிட்டி சொல்லியனுப்பியிருந்தது. அவர் சம்பளத்தில்தான் அவரும் அவர் அம்மாவும் சாப்பிட்டார்கள்.

வெளியே வந்தவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், இந்த வருஷம் விட்டுவிடுங்கள், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று. "அடுத்த வருஷத்துக்குள்ள இந்தப் பயம் பழகிடும்மா. பழகினப்புறம் பயம்னே தெரியாது" என்றார். இதை அவர் உபதேசமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவர் பேசுவதுபோல, மணி அடிக்கப் போகிற வழியில் சொன்னார்.

விழாவன்று பந்தலில் கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். குப்பம்மாவும் மற்றவர்களும் வேலிக்கு வெளியே நின்றார்கள். வழக்கப்படி ராஜா பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். எஸ்தர் டீச்சர் அதை ஒழுங்காக வாசித்தார். கடைசி சுரத்தை விடாமல் இழுத்துப் பிடித்து, அதிலிருந்தே நடவுப் பாட்டுக்குள் நுழைந்துவிட்டார். ராஜா பாட்டில் இன்னும் கொஞ்சம் பாக்கியிருக்கிறது என்று நினைத்து யாரும் உட்காரவில்லை. பாட்டு முடியுமுன் உட்கார்ந்தால் குற்றமாகிவிடுமோ என்ற பயம். பெரியப்பா கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றார். நாலு அடி போயிற்று, நாலு முறை பெட்டி மூச்சு விட்டது. வேலிக்கு வெளியே ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் பெரியப்பாவுக்குப் புரிந்தது. உட்கார்ந்தார். எஸ்தர் டீச்சர் நிறுத்தாமல் பாட்டை முடித்தார்.

மறுநாள் வழியில் குப்பம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பாவை அவர்கள் ஆண்டே என்றுதான் சொல்வார்கள். "ஆண்டே நம்ம பாட்டுக்கு எழுந்து நின்னாரு பாப்பா, பாத்தியா" என்றாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "இப்ப நடலாம். எடம் வுட்டுக்கீறாங்க."

இதை நான் எஸ்தர் டீச்சரிடம் சொன்னேன். யாருடைய பாராட்டையும் அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டதில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். நான் சொல்ல வேண்டியிருந்த மற்றதை அன்றும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆவடி ரஸ்தாவில் நடந்து போனார். செங்கல்பட்டிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. பெரியப்பா விசாரித்ததைப் பற்றியோ, நான் வாய் திறக்காததைப் பற்றியோ அதில் ஒரு வரி இல்லை. அங்கே பிள்ளைகள் பாட்டைக் கேட்டுவிட்டுப் பின்புறமாக நடந்து விளையாடுகிறார்கள் என்று எழுதியிருந்தார்.

வட்டங்கள் போட்ட அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் சேற்று விரல் தடம் காய்ந்து உதிர்ந்துவிட்டது, கறை மட்டும் நிற்கிறது. யாராவது பேச்சை நிறுத்தினால் மறந்துபோய் நிறுத்துகிறார்கள் என்று இப்போது நான் எடுத்துக்கொள்வதில்லை. அவரிடமிருந்து வைத்துக்கொண்டது இவ்வளவுதான்.

அவருடைய இடம் கோடை விடுமுறை வரை காலியாக இருந்தது. ஜூன் மாதம் பெரியப்பா சொல்லி அதை எனக்குக் கொடுத்தார்கள். நான் சேர்ந்தேன்.