சிவராமன் சார் திருப்பிக் கொடுத்த வெள்ளைத் தாள்

சிவராமன் சார் கையில் கட்டுரையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர் எங்கள் வகுப்பில் யாரும் இல்லை. ஆவடியில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் எம்.ஏ. வகுப்பு அது. ஒருவர் எழுதிய இலக்கியக் கட்டுரையை இன்னொருவர் படித்து, கருத்துத் தாளில் அபிப்பிராயம் எழுதித் தர வேண்டும் என்பது எங்கள் பேராசிரியையின் ஏற்பாடு. எங்களோடு சேர்ந்து படிக்கும் சாரோ ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். காலமெல்லாம் இரும்பில் விரிசல் தேடிய கண்ணை எங்கள் பத்திகளின் மேல் திருப்பினால் என்ன ஆகும்? லாவண்யாவின் கட்டுரைக்கு நாலு பக்கம் எழுதினார். "மூன்றாம் பத்தி சொல்வதை ஐந்தாம் பத்தி மறுக்கிறது. எதை நம்புவது?" பாவம், அவள் கேன்டீனில் இரண்டு சமோசா தின்றுதான் தேறினாள். ஆனால் அவர் சொன்னபடி திருத்தியதும் கட்டுரை ஜம்மென்று நின்றது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த முறை மாட்டியது நான். நான் ஜரினா, பூந்தமல்லி வளையல் கடைக்காரர் வீட்டு மருமகள். பாடத்தில் இருந்த ஒரு சிறுகதையைப் பற்றி எழுதியிருந்தேன். வேலை போன அப்பா, குடும்பத்தோடு லாரியில் ஊர் மாறிப் போகிறார். வழியெல்லாம் அவர் புலம்பல். வகுப்பே அப்பாவைப் பற்றித்தான் உருகி உருகி எழுதியது. ஒரு வார்த்தை பேசாமல் அடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வருகிறாளே ஒரு அம்மா, கதையே அவளுடையதுதான் என்று நான் அடித்து எழுதினேன். கருத்தரங்கில் வாசிக்கலாம் என்று பேராசிரியையும் சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை, நிரப்பிய கருத்துத் தாளையும் சேர்த்து இந்த ஞாயிறு மாலைக்குள் கொடுக்க வேண்டும். நான்தான் அவசரக்குடுக்கையாயிற்றே, மாமியார் முதல் பால்காரர் வரை ஊருக்கே சொல்லி முடித்திருந்தேன்.

அந்த ஞாயிறு மதியம் கட்டுரையை என் கையில் கொடுத்துவிட்டு, சார் சைக்கிளில் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். பிரித்துப் பார்த்தால், கருத்துத் தாள் வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரு புள்ளி கூட இல்லை. எனக்கு வந்ததே ஒரு கோபம்! ஆட்டோ பிடித்து நேராக அவருடைய குவார்ட்டர்ஸுக்கே போய் நின்றேன்.

"இன்னா சார் இது? லாவண்யாவுக்கு நாலு பக்கம், எனக்கு ஒரு கோடு கூட இல்ல! படிக்கணும்னே தோணலியா?"

சார் மோர்ச்சாதக் கையோடு எழுந்து நின்றார். "ரெண்டு தடவ படிச்சேனேம்மா."

"அப்ப ஏன் சார் ஒண்ணுமே எழுதல?"

"குறை இருந்தாத்தானே எழுதணும்?"

நிஜமாகவே அவருக்கு என் கேள்வி புரியவில்லை. அவர்கள் தொழிற்சாலையில் பழுதான பாகத்துக்குத்தான் குறையை எழுதிச் சீட்டு கட்டுவார்களாம். நல்ல பாகம் பேச்சுமூச்சில்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விடுமாம். உள்ளேயிருந்து அவர் மனைவி கண்ணம்மா அக்கா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"என் சாம்பாருக்கும் இதே கதைதாம்மா. உப்பு கூடினாத்தான் அந்த வாய் தொறக்கும்!"

அப்படியானால் என் கட்டுரை பாஸ்! அந்தக் கூடத்திலேயே ஒரு குத்தாட்டம் போட்டிருப்பேன், சார் கையில் தட்டு இல்லாமல் இருந்திருந்தால். ஆனால் வெறும் தாளை யார் வாங்குவார்கள்? கை கழுவ வைத்து, பேனாவைத் திணித்து உட்கார வைத்தேன்.

'குறை ஏதும் காணப்படவில்லை' என்று எழுதினார்.

"இன்னா சார், போலீஸ் சர்டிபிகேட் மாதிரி கீது?"

அடித்துவிட்டு 'திருப்திகரம்' என்று எழுதினார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். சாருக்கு மின்விசிறிக்குக் கீழேயும் வேர்த்தது. பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை.

"நல்லாருக்குன்னு எழுத வேணாம் சார். படிச்சதும் உங்களுக்கு இன்னா தோணுச்சு, அத மட்டும் எழுதுங்க."

'திருப்திகரம்' என்பதையும் அடித்தார். பிறகு பேனா நிற்காமல் ஓடியது. அக்கா தோளுக்கு மேலாக எட்டி, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.

'இந்தக் கட்டுரையைப் படித்ததும், கல்யாணமான புதிதில் நாங்கள் லாரியில் சாமான்களோடு ஆவடிக்கு வந்த நாளை நினைத்துப் பார்த்தேன். டிரைவர் பெயர், பஞ்சரான இடம், கிழிந்த தார்ப்பாய் எல்லாம் நினைவிருக்கிறது. என் மனைவி எங்கே உட்கார்ந்து வந்தாள் என்பது மட்டும் நினைவில்லை.'

கடைசி வரிக்கு வரும்போது அக்காவின் குரல் இறங்கிவிட்டது. எனக்கும் சிரிப்பு நின்றுபோனது. சார் தாளை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

"பின்னாடி," என்றார் அக்கா. "பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல. மழை வேற." ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் தோளில் ஒரு இடி இடித்தார். "அதையும் எழுதுங்க. புள்ள கட்டுரைக்கு ஆதாரம் வேணும்ல?"

சார் அதையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.