கசக்கி எறிந்த தாள்கள்

மகள் எதையோ எழுதிக் கசக்கி எறிந்தாள். அந்தச் சத்தத்தில் எனக்குக் குற்றாலத்துச் சாரல் அடித்தது.

அறுபதுகளில் அப்பா அங்கே விடுதி நடத்தினார். மேற்கிந்தியத் தீவு ஒன்றின் தூதர் வந்து தங்கினார், கதை எழுதுகிறவர். கூட வந்த அவர் நாட்டு அதிகாரி அவரை அருவிக்குக்கூடத் தனியே விடமாட்டார். தூதர் கதவைச் சாத்திக்கொண்டு தட்டச்சு செய்வார், கசக்கி எறிவார்.

"ஏட்டி, மிதிச்சிராத. எழுத்துள்ள தாளு சரஸ்வதி" என்று அம்மா ஒவ்வொன்றையும் நீவி அடுக்கினாள்.

அவர்கள் கிளம்பும்போது அதிகாரியின் கண்முன்னே அந்தத் தாள்களைத் தூதரிடம் நீட்டினாள். அதிகாரி குறுக்கே வாங்கி வாசித்தார். தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார். தூதர் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அவங்க அரசாங்கத்தயே ஏசி எழுதிருக்காரு போல" என்றார் அப்பா, கார் போனபிறகு.

மகளின் தாளை நான் பிரிக்கவில்லை. அடுப்பில் போட்டேன்.